தம்பி வெளியே வேலைக்குப் போகலாமா? ஓர் அக்காவின் கடிதத்துக்குப் பதில்

ஓர் அக்கா எழுதியிருக்கிறார். பெயர், ஊர், ஆளை அடையாளம் காட்டும் விஷயங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

தம்பிக்கு 27 வயது. மிதமான அறிவுசார் குறைபாடு, சிறு வயதில் எடுத்த சோதனையில் ஐ.க்யூ. 48. சிறப்புப் பள்ளி முடித்த நாளிலிருந்து குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டுமே என்று நடக்கும் ஒரு சிறப்புத் தொழிற்கூடத்துக்குப் போய்வருகிறார். காகித உறை ஒட்டுவது, எண்ணி அடுக்குவது, இதுதான் வேலை. கைக்குக் கிடைப்பது பெயருக்கு ஒரு தொகை. இடையில் ஒருமுறை ஒரு கடையில் சரக்கு அடுக்கும் வேலை கிடைத்து, மூன்றாவது வாரமே "சொன்னால்தான் செய்கிறார், மற்ற நேரம் சும்மா நிற்கிறார்" என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது ஓர் அமைப்பு, மருத்துவமனையின் துணிப் பிரிவில் சலவையான துண்டுகளையும் விரிப்புகளையும் மடித்து வண்டியில் அடுக்கும் வேலை இருக்கிறது, ஜாப் கோச் ஒருவர் கூடவே இருந்து பழக்குவார் என்கிறது. தம்பி போகிறேன் என்கிறார். அம்மா கூடவே கூடாது என்கிறார். அக்கா நடுவில். "இன்னும் ஒன்றிரண்டு வருடம் பயிற்சி கொடுத்துத் தயாரான பிறகு அனுப்பினால் என்ன? கோச் போன மறுநாள் என்ன ஆகும்? உதவித்தொகை நின்றுவிடுமா? நான்தானே காப்பாளர், நான் கையெழுத்துப் போட்டால் போதுமா? கூட வேலை பார்ப்பவர்களிடம் இவனைப் பற்றிச் சொல்வதா வேண்டாமா?" என்று கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மா என்ன நினைக்கிறார், தொழிற்கூடத்து ஆசிரியர் என்ன சொன்னார், சித்தப்பா என்ன சொன்னார் என்று கடிதம் பக்கம் பக்கமாகப் போகிறது. தம்பி சொன்னது மட்டும் ஒரே வரியில் இருக்கிறது: "போறேன்னுதான் சொல்றான், ஆனா அவனுக்கு என்ன தெரியும்." நான் அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாக் கேள்விக்கும் பதில் அதை ஒட்டித்தான் வரும்.

அவருக்கு என்ன தெரியும் என்ற உங்கள் சந்தேகம் முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். அறிவுசார் குறைபாடு உள்ள பலர், எதிரே இருப்பவர் எதிர்பார்க்கும் பதிலைச் சொல்லிப் பழகியிருப்பார்கள். "வேலைக்குப் போறியா?" என்றால் போறேன், "வீட்டிலேயே இருக்கியா?" என்றால் இருக்கேன். அதனால் ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்வியை விடுங்கள். அந்தத் துணிப் பிரிவுக்கு ஒரு காலை நேரம் அழைத்துப் போய் நிற்க வையுங்கள், முடிந்தால் இரண்டு துண்டு மடிக்க விடுங்கள். அங்கே இருக்கும் இயந்திரச் சத்தம், சூடு, ஆள் நடமாட்டம் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அன்று மாலையும், நடுவில் சில நாள் விட்டு இன்னொரு முறையும், படங்களை முன்னால் வைத்து எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று எடுத்துக்காட்டச் சொல்லுங்கள். இரண்டு முறையும் ஒரே மாதிரி வந்தால் அது அவருடைய பதில். அவராகவே அந்த இடத்தைப் பற்றிப் பேச்செடுக்கிறாரா என்பதையும் கவனியுங்கள், அது இன்னும் நம்பகமானது.

"முதலில் தயாராகட்டும்" என்பது பற்றி

இதைக் கேட்காத வீடே இல்லை. கேட்கவும் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எட்டு வருடமாகத் தொழிற்கூடத்தில் நடப்பதும் பயிற்சிதானே? அங்கே கற்ற உறை ஒட்டுதல் கடையில் எதற்கு உதவியது? அறிவுசார் குறைபாட்டில் கற்பது மட்டும் சிரமமில்லை, ஓரிடத்தில் கற்றதை வேறொரு இடத்துக்குக் கொண்டுபோவதும் சிரமம். வகுப்பறை மேசையில் துண்டு மடிக்கப் பழகியவர், மருத்துவமனையின் உயரமான மேசையில், வேறு அளவுத் துண்டோடு, பக்கத்தில் நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது, புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். அப்படியென்றால் அந்த மேசையிலேயே தொடங்கிவிடுவதுதான் மேல்.

ஆதரவுடன் கூடிய வேலைவாய்ப்பு என்ற முறையே இந்த அனுபவத்திலிருந்து வந்ததுதான். 1970களில் அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்ற ஆய்வாளர், எதற்கும் லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்டு இப்படிப்பட்ட தொழிற்கூடங்களில் இருந்தவர்களுக்கு, மிதிவண்டி பிரேக்கின் பாகங்களைச் சரியான வரிசையில் பூட்டக் கற்றுக்கொடுத்தார். வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்தார். பாகத்தின் எந்தப் பக்கம் தன்னை நோக்கி இருக்க வேண்டும் என்று தெரிய அந்தப் பக்கத்துக்கு வண்ணம் பூசிப் பார்த்தார், கற்பது வேகமானது. கற்றுக்கொள்ளவில்லை என்றால் கற்பிக்கும் வழியை மாற்று என்பதுதான் அவர் கட்சி. 1980களில் அங்கே வர்ஜீனியா மாநிலத்தில் பால் வேமன் போன்ற ஆய்வாளர்கள் அடுத்த படிக்குப் போனார்கள்: பயிற்சி முடித்து வேலை என்பதைத் திருப்பிப் போட்டு, முதலில் உண்மையான சம்பள வேலையில் சேர்த்து, அங்கேயே வைத்துப் பழக்கினார்கள். 1984லும் 1986லும் அந்த நாட்டுச் சட்டங்களிலேயே இந்த முறை இடம்பிடித்தது. இன்று பல நாடுகளில் நடப்பது இதன் வழித்தோன்றல்தான்.

ஐ.க்யூ. 48 பற்றியும் ஒரு வார்த்தை. அந்த எண்ணை வைத்து எந்த வேலை முடியும், எது முடியாது என்று என்னால் சொல்ல முடியாது, வேறு யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் மனநல வகைப்பாட்டு நூலே (டி.எஸ்.எம்.), 2013இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில், குறைபாட்டின் தீவிரத்தை ஐ.க்யூ. எண்ணால் பிரிப்பதை விட்டுவிட்டு, அன்றாட வாழ்வில் ஆள் எப்படிச் சமாளிக்கிறார், எவ்வளவு துணை வேண்டும் என்பதைப் பார்க்கிறது. சிறு வயதில் எடுத்த எண் என்றால் இன்னும் சந்தேகம்.

அந்தக் கடையில் என்னதான் நடந்தது?

நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். கொடுத்த பெட்டியை அடுக்கினார், பெட்டி காலியானதும் நின்றார். அடுத்த பெட்டியை எடுக்கவில்லை. "சோம்பேறி" என்று முத்திரை விழுந்தது. நீங்களும் "அவனுக்குப் பொறுப்பு வரவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள், அதைத்தான் மறுக்கிறேன். பெட்டி காலியானால் என்ன செய்வது என்று யாராவது அவருக்குக் கற்றுக்கொடுத்தார்களா? மற்றவர்கள் சொல்லாமலே புரிந்துகொள்வது இவருக்குச் சொல்லிக்கொடுத்தால்தான் வரும். வேலையின் கடைசிப் படியை "காலிப் பெட்டியை இங்கே வை, வலப்பக்கப் பெட்டியை எடு" என்று சேர்த்துப் பழக்கி, தரையில் ஒரு வண்ண டேப் ஒட்டியிருந்தால் அந்த வேலை நிலைத்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. சில நாள் கூட இருந்து பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான். மூன்று வாரம் தாக்குப்பிடித்தார் என்பதே எனக்கு நல்ல செய்தியாகப் படுகிறது: நேரத்துக்குப் போனார், கொடுத்ததைச் செய்தார்.

நல்ல ஜாப் கோச் என்ன செய்வார் என்று துணிப் பிரிவையே வைத்துச் சொல்கிறேன். அவர் முதலில் தானே அந்த வேலையைச் செய்துபார்ப்பார். துண்டு மடிப்பது என்பது நமக்கு ஒரே அசைவு. அவர் அதை இப்படிப் பிரிப்பார்: எடு, விரி, கறையோ கிழிசலோ இருக்கிறதா பார், இருந்தால் சிவப்புக் கூடை, இல்லையென்றால் மூலையோடு மூலை சேர், பாதியாக மடி, மறுபடி பாதி, மடிந்த விளிம்பு வெளியே தெரியும்படி அடுக்கு. அடுக்கு எவ்வளவு உயரம் வர வேண்டும் என்று எண்ணத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அலமாரியின் பக்கவாட்டில் ஒரு கோடு போட்டால் போதும். அந்தக் கோடு வந்ததும் வண்டிக்கு மாற்ற வேண்டும். எந்தப் படியில் தடுமாறுகிறாரோ அங்கே மட்டும் உதவி, அதுவும் குறைந்ததிலிருந்து: முதலில் கொஞ்சம் காத்திருப்பது, பிறகு விரலால் காட்டுவது, பிறகு சொல்வது, பிறகு செய்துகாட்டுவது, கடைசியாகத்தான் கையைப் பிடித்து வழிநடத்துவது. வரவர அந்த உதவியையும் குறைத்துக்கொண்டே போவார். இதில் எல்லாரும் சொதப்புவது அந்த "காத்திருப்பது" என்ற இடத்தில்தான். நமக்குப் பொறுக்காது, வாய் முந்திக்கொள்ளும். வீட்டிலும் அப்படித்தானே நடக்கிறது? அம்மா ஒவ்வொரு படிக்கும் சொல்லிச் சொல்லிச் செய்யவைத்தால், அம்மாவின் குரல்தான் அவருக்கு அடுத்த படி என்று ஆகிவிடுகிறது.

கோச் போன பிறகு

கோச் ஒருநாள் பட்டென்று மறைவதில்லை, மறையவும் கூடாது. முழு நேரம் பக்கத்தில் நிற்பது, பிறகு அறையின் மறுகோடியில், பிறகு அரை நாள், பிறகு வாரத்தில் ஒன்றிரண்டு நாள், அப்புறம் மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பது என்று விலகுவார். அதே நேரம் துணிப் பிரிவிலேயே இருக்கும் ஒருவர், தம்பியோடு இயல்பாகப் பழகுகிறவர், மெல்ல அந்த இடத்துக்கு வர வேண்டும். கோச் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதைவிட, இந்தக் கைமாற்றம் எப்படி நடக்கிறது என்பதில்தான் வேலை நிலைக்கிறது. எந்நேரமும் கோச்சே பக்கத்தில் நின்றால் சக ஊழியர்கள் தம்பியிடம் பேசாமல் கோச்சிடமே பேசப் பழகிவிடுவார்கள். இதைக் கண்டால் சொல்லுங்கள்.

வேலை முறிகிற இடம் பெரும்பாலும் முதல் மாதம் இல்லை. மேற்பார்வையாளர் மாறும்போது, ஷிப்ட் மாறும்போது, புது இயந்திரம் வரும்போது. அதனால் அந்த அமைப்பிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: கோச்சின் நேரத்தை எந்த அடிப்படையில் குறைப்பார்கள், நாள்கணக்கிலா அல்லது தம்பி எவ்வளவு தனியாகச் செய்கிறார் என்பதை வைத்தா? நிதி முடிந்தால் என்ன? ஒரு வருடம் கழித்துச் சிக்கல் வந்தால் யாரை அழைப்பது, வருவார்களா? ஏற்கெனவே அவர்கள் சேர்த்துவிட்டவர்களில் எத்தனை பேர் இன்னும் அதே வேலையில் இருக்கிறார்கள்? சேர்த்த கணக்கைச் சொல்லி நிலைத்த கணக்கைச் சொல்லாத அமைப்பு என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

மருத்துவமனை என்பதால் அம்மா இன்னும் பயப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள், அதற்கு ஒன்று சொல்கிறேன். 1996இல் அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில், அவசரப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த எரின் ரீலி, பொருள்களை நிரப்பி வைக்கும் வேலைக்கு ஆள் வந்து வந்து போய்க்கொண்டே இருக்கிறார்களே என்று யோசித்து, அறிவுசார் குறைபாடு உள்ள இளைஞர்களை அதற்குப் பழக்கலாம் என்று தொடங்கினார். அதுதான் பிராஜெக்ட் சர்ச் (Project SEARCH) என்ற திட்டமாக வளர்ந்து வேறு நாடுகளுக்கும் போனது. தயவில் தொடங்கியதில்லை அது. ஒழுங்காக, ஒரே மாதிரி, தினமும் செய்ய வேண்டிய வேலைக்கு நிலையான ஆள் தேவைப்பட்டது. தம்பியின் வேலையும் அந்த வகைதான், கண்துடைப்புக்காக உருவாக்கிய வேலை இல்லை. இதை நீங்களும் உறுதிசெய்துகொள்ளுங்கள்: இவர் வராத நாளில் அங்கே யாராவது திண்டாடுவார்களா? ஆமாம் என்றால் உண்மையான வேலை.

சம்பளம், உதவித்தொகை, கையெழுத்து

சம்பளத்தில் கூச்சம் வேண்டாம். "பழகுகிற காலம்" என்று சம்பளமில்லாமல் வைத்துக்கொள்வதானால் அதற்கு முடிவு தேதி எழுத்தில் இருக்க வேண்டும். பக்கத்து மேசையில் அதே வேலை செய்பவருக்கு மணிக்கு என்ன தருகிறார்களோ அதுதான் இவருக்கும். குறைவான வேகத்தைக் காட்டிக் குறைந்த கூலி தரச் சில நாட்டுச் சட்டங்கள் இடம்கொடுத்திருக்கின்றன, அமெரிக்காவின் 1938ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குப் பேர்போனது. ஆனால் சட்டம் அனுமதிப்பதாலேயே அதைக் கேட்காமல் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. வேகம்தான் பிரச்சினை என்றால் நேரத்தைக் குறைத்தோ, வேலையை மாற்றிப் பிரித்தோ பார்க்கலாம். சம்பளம் தம்பி பெயரில் உள்ள கணக்குக்கே போகட்டும், சம்பளச் சீட்டை அவர் கையில் கொடுங்கள், அதில் ஒரு பகுதியை அவர் தன் விருப்பப்படி செலவு செய்யட்டும். எல்லாவற்றையும் நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டால் ஏன் வேலைக்குப் போகிறோம் என்றே அவருக்குப் புரியாமல் போகும்.

உதவித்தொகை நிற்குமா என்பதற்குப் பொத்தாம்பொதுவான பதில் கிடையாது, விதிகள் இடத்துக்கு இடம் வேறு. வருமான வரம்பு எவ்வளவு, குறைப்பார்களா அடியோடு நிறுத்துவார்களா, வேலை போனால் மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டுமா, மருத்துவக் காப்பீடு அதோடு கட்டப்பட்டிருக்கிறதா: இந்த நான்கையும் வேலையில் சேரும் முன் அந்த அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழியாக யாரோ சொன்னதை நம்பி வேலையை மறுத்த குடும்பங்களும் உண்டு, நம்பிச் சேர்ந்து தொகையை இழந்தவர்களும் உண்டு.

காப்பாளர் விஷயத்தில் உங்களைக் கொஞ்சம் திருத்த வேண்டும். நீங்கள் சட்டப்படி நியமிக்கப்பட்ட காப்பாளரா, அல்லது அப்பா போன பிறகு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதால் அப்படிச் சொல்லிக்கொள்கிறீர்களா என்று கடிதத்தில் தெளிவாக இல்லை. பெரும்பாலான வீடுகளில் இரண்டாவதுதான். 18 வயது கடந்தவர், குறைபாடு இருப்பதாலேயே தானாக யாருடைய காப்பிலும் வந்துவிடுவதில்லை. சட்டப்படி நியமனம் இருந்தாலும் அதன் எல்லை எது என்று உத்தரவை எடுத்துப் படியுங்கள், வேலை ஒப்பந்தம் அதற்குள் வருகிறதா என்று ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். 2006இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, சட்டத்தின் முன் இவர்களும் மற்றவர்களுக்குச் சமம், முடிவெடுக்கத் துணை தேவைப்பட்டால் அந்தத் துணையைத் தர வேண்டும் என்கிறது. 27ஆம் பிரிவு எல்லாருக்கும் திறந்த வேலைச் சந்தையில் பிழைக்கும் உரிமையைச் சொல்கிறது. ஆகவே ஒப்பந்தத்தைப் படங்களோடு எளிய வாக்கியங்களில் எழுதித் தரச் சொல்லுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து விளக்குங்கள், தம்பி கையெழுத்துப் போடட்டும், சாட்சியாக நீங்கள் போடுங்கள்.

அம்மாவிடம் என்ன பேசுவது

அம்மாவின் பயத்தை அறியாமை என்று தள்ளாதீர்கள். கேலி, ஏமாற்றிப் பணம் பிடுங்குவது, தொடக்கூடாத இடத்தில் தொடுவது எல்லாம் நடக்கக்கூடியவைதான். வேலையிடத்தில் மட்டுமா? பூட்டிய தொழிற்கூடத்திலும் நடக்கும், அங்கே வெளியார் கண் இல்லாததால் தெரியவர நாளாகும். "இல்லை" என்று சொல்லவும், யாரிடம் போய்ச் சொல்வது என்றும் தம்பிக்குப் பழக்குங்கள். மருத்துவமனையில் ஒருவர், வீட்டில் ஒருவர், இரண்டு பேரின் படமும் போன் முகப்பில் இருக்கட்டும். பயணத்தை வேலையோடு சேர்த்தே பழக்க வேண்டும், பஸ் வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் சேர்த்து. இப்போது நன்றாகத் தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள், வேலையில் சேர்ந்த பிறகு மாற்றம் வந்தால் சொல்லத் தெரியாததை அது சொல்லும்.

பழைய தொழிற்கூடத்தை விடுவது பற்றி என் கருத்து கொஞ்சம் கலவையானது. இப்படிப்பட்ட இடங்களை மூடிவிட்டே மாற்று ஏற்பாடு செய்ய முடியும் என்று காட்டியவர்கள் உண்டு, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 2002இல் தன் கடைசித் தொழிற்கூடத்தை மூடியது. 2022இல், மேலே சொன்ன உரிமை உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழுவும் தனியாகப் பிரித்து வைத்துத் தரும் வேலை, வேலை உரிமையை நிறைவேற்றியதாகாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. எனக்கும் அதில் உடன்பாடுதான். ஆனால் தம்பியின் சிநேகிதர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். துணிப் பிரிவு வேலை பகுதி நேரம் என்றால் ஆரம்பத்தில் வாரத்தில் ஒரு நாள் அங்கே போய்வரலாமா, இடத்தைச் சில மாதம் வைத்திருப்பார்களா என்று கேளுங்கள். மறுத்தால்கூட, சிநேகிதர்களை வார இறுதியில் சந்திக்க ஏற்பாடு செய்வது உங்கள் கையில் இருக்கிறது. வேலையில் நிலைத்தும் தனிமையில் வாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன், இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கடைசியாக, கூட வேலை பார்ப்பவர்களிடம் சொல்வதா என்று கேட்டிருந்தீர்கள். அதைத் தம்பியிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சான்றிதழும் மருத்துவ விவரமும் நிர்வாகத்தின் கோப்போடு நிற்கட்டும், ஐ.க்யூ. எண் யாருக்கும் வேண்டாம். துணிப் பிரிவில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டியது வேறு: ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள், சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள், சத்தம் அதிகமானால் காதைப் பொத்துவார், இரண்டு நிமிடம் வெளியே போய்வந்தால் சரியாகிவிடுவார். இதைக் கோச் சொல்லலாம். தம்பியே சொல்ல விரும்பினால், ஒரு சின்ன அட்டையில் எழுதிக் கொடுத்து, முதல் நாளே சொல்லிப் பார்க்கப் பழக்குங்கள்.